டின்னில் ஒட்டிய மூன்று படங்கள்: மெத்தனாலைத் தெரிந்துகொள்வோம்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல், தவணை வரவு எல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது. டீ வந்துகொண்டிருந்தது. கூட்டம் நடந்த வீட்டின் திண்ணை ஓரத்தில் ஒரு நீல நிறக் கேன் இருந்தது. அந்த வீட்டு அக்கா அதிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கை கழுவினார். கேனில் பாதி கிழிந்த லேபிள். அதில் சிவப்புக் கோடு போட்ட, முனையில் நிற்கிற சதுரங்கள் மூன்று. ஒன்றில் தீ. ஒன்றில் மண்டை ஓடும் எலும்பும். மூன்றாவதில் ஒரு ஆளின் உருவம், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி.

"இதை எங்கக்கா வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"பழைய இரும்புக் கடையிலதான் மேடம். நூத்தி இருபது ரூபா. சோப்பு போட்டு நல்லா கழுவிட்டேன், வாசனையே இல்ல. குடிக்கிறதுக்கு எடுக்கறதில்ல, கை கால் கழுவத்தான்" என்றார்.

பத்தாவது படிக்கும் அவர் மகள் லேபிளைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். "மெத்தனால்."

யாரும் பேசவில்லை. அந்தப் பெயர் இப்போது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பெண்களும் உண்டு. இரண்டு இடத்திலும் சாராயம் என்று விற்கப்பட்டதில் மெத்தனால் இருந்தது.

அப்போது ஒரு அக்கா கேட்டார்: "தீயும் போட்டிருக்கு, மண்டை ஓடும் போட்டிருக்கு. ரெண்டுல எது மேடம் பெருசு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் படித்தது சமூகப்பணி. வேதியியல் பள்ளிக்கூடத்தோடு சரி. அதற்குப் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

விஷம் என்று மட்டும் சொன்னால் போதுமா?

நம் குழு லெட்ஜரில் "கடன்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் கணக்குத் தணிக்கைக்கு வருபவர் ஒப்புக்கொள்வாரா? யாருக்கு, எதற்காக, எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்று கேட்பார். ரசாயனமும் அப்படித்தான். "விஷம்" என்பது ஒரே ஒரு சொல். அது எந்த வழியாக உடம்புக்குள் போகும், எவ்வளவு போனால் ஆபத்து, எவ்வளவு நேரத்தில் தெரியும், எந்த உறுப்பைத் தாக்கும் என்பதெல்லாம் தெரிந்தால்தான் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று தெரியும். இதற்காகத்தான் ரசாயனங்களின் ஆபத்துகளை வகை பிரிக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு முறை இருந்ததால், ஐக்கிய நாடுகள் சபை 2003-ல் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு முறையை வெளியிட்டது. கேனில் பார்த்த சிவப்புச் சதுரங்கள் அந்த முறையைச் சேர்ந்தவை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் படம். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் படமும் புரியாது என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

ஆகவே அக்கா கேட்ட கேள்விக்குப் பதில்: எது பெரிது என்று சொல்ல அந்தப் படங்கள் வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தனி ஆபத்து. மூன்று படம் என்றால் மூன்று ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது.

முதல் படம்: தீ

மெத்தனால் தண்ணீர் மாதிரி நிறமில்லாத திரவம். பெயின்ட், பிளைவுட் பசை, மருந்து, பிளாஸ்டிக் என்று பல தொழில்களுக்கு இது தேவை. அதனால் இதை உலகத்தில் இல்லாமல் செய்துவிட முடியாது. ஏறத்தாழ 11 டிகிரி வெப்பத்திலேயே, தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியை வெளியே விட ஆரம்பித்துவிடும். நம் ஊர் மார்கழிக் குளிர்கூட அதற்குச் சூடுதான்! மூடி திறந்து கிடந்தால் ஆவி வந்துகொண்டே இருக்கும். ஒரு தீக்குச்சி போதும். இன்னொரு வம்பு, பட்டப்பகலில் மெத்தனால் எரிகிற தீ கண்ணுக்குச் சரியாகவே தெரியாது. அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிற கேனை அடுப்புப் பக்கம் வைப்பது, சூட்டுக்கத்தியால் வெட்டி வாளியாக்குவது இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

இரண்டாவது படம்: மண்டை ஓடு

குறைந்த அளவிலேயே, ஒரே தடவையில் உயிரைப் பறிக்கக்கூடியது என்பதற்கு மண்டை ஓடு. மெத்தனாலுக்கு இந்தப் படம் மூன்று வழிகளுக்கும் பொருந்தும்: விழுங்கினால், தோலில் பட்டால், மூச்சில் போனால். "குடிச்சாத்தானே விஷம்" என்று நாம் நினைக்கிறோம். நனைந்த சேலையோடு, நனைந்த கையோடு வேலை செய்தாலும் தோல் வழியாக உள்ளே போகும். கம்பெனி வேலைக்குப் போகிற உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேலே பட்டால் உடையைக் கழற்றிவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வெட்கம் பார்க்கிற நேரம் இல்லை.

வகைக்குள் எண்ணும் உண்டு. விஷத்தன்மையில் 1 என்றால் மிகக் கொடியது, எண் கூடக் கூட ஆபத்து குறைவு. நாம் பரீட்சை ரேங்க் மாதிரி நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும், முதல் ரேங்க் வாங்கியது முதல் எமன். (நான்கு நிறக் கட்டங்களில் 0 முதல் 4 வரை எழுதியிருக்கிற வேறு ஒரு அட்டையும் சில கம்பெனிகளில் உண்டு. அதில் 4-தான் பெரிய ஆபத்து, நேர் எதிர். குழம்பிவிடாதீர்கள்.) மெத்தனாலின் விஷத்தன்மை 3-வது வகை.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்த ஒரு விஷயம். வழக்கமாக எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் விஷத்தின் அளவை முடிவு செய்வார்கள். மெத்தனாலை எலி நன்றாகத் தாங்கும். எலிக் கணக்கை மட்டும் வைத்திருந்தால் இதற்கு மண்டை ஓடே கிடைத்திருக்காது. மனிதர்கள் குடித்துக் கண் போன, உயிர் போன அனுபவத்தைப் பார்த்துத்தான் இந்த வகையில் வைத்தார்கள். சுமார் 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன் சுத்த மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லி உயிரையே பறிக்கலாம்.

மூன்றாவது படம்: நெஞ்சில் நட்சத்திரம்

இந்தப் படத்தை நிறையப் பேர் இதய நோய் என்று நினைக்கிறார்கள். அது அல்ல. உடம்புக்குள் ஓர் உறுப்பைக் குறிவைத்துக் கெடுக்கும், அல்லது புற்றுநோய் போன்ற பெரிய கேட்டை உண்டாக்கும் என்பதற்கான பொதுப் படம் இது. பென்சீன் டின்னில் இதே படம் புற்றுநோயைக் குறிக்கும். மெத்தனால் டின்னில் இது கண் நரம்பையும் மூளையையும் குறிக்கிறது, அதுவும் ஒரே தடவையில். அதனால் இந்தப் படத்தைப் பார்த்தால் பக்கத்தில் எழுதியிருப்பதை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். மெத்தனால் உள்ளே போனவுடன் பெரிதாக ஒன்றும் செய்யாது, சாதாரணப் போதை மாதிரிதான் இருக்கும். நம் கல்லீரல் அதை மெல்ல மெல்ல மாற்றி ஃபார்மிக் அமிலம் ஆக்குகிறது. எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அந்த அமிலம்தான். அது ரத்தத்தில் சேர்ந்து, ரத்தமே புளித்துப்போன மாதிரி ஆகிறது. கண் நரம்பு கெடுகிறது. இதற்குப் பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம் ஆகும். நல்ல சாராயத்தோடு சேர்த்துக் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப் போகும்.

இந்த இடைவெளிதான் ஆளைக் கொல்கிறது. இரவு குடித்தவர் காலையில் நன்றாக எழுந்திருப்பார். "அவனும் நானும்தான் குடிச்சோம், எனக்கு ஒண்ணும் இல்லியே" என்பார். மதியம் வயிற்று வலி, வாந்தி, தலைவலி. பிறகு கண்ணில் பனி மூடின மாதிரி இருக்கிறது என்பார். மூச்சு வேகமாக வாங்கும். வீட்டில் சோடா வாங்கிக் கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள், படுத்தால் சரியாகிவிடும் என்பார்கள்.

சரியாகாது. 108-க்கு உடனே போன் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கமாக இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அதே சரக்கைக் குடித்த எல்லோரையும், அறிகுறி இல்லாதவரையும், கூட்டிப் போக வேண்டும். இதைத்தான் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். மிச்சம் இருக்கிற பாக்கெட்டோ பாட்டிலோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமே, ஊரில் மானம் போகுமே என்று "வயித்துக் கோளாறு" என்று சொல்லிவிட்டால் டாக்டர் வயிற்றுக்குத்தான் வைத்தியம் பார்ப்பார். மெத்தனால் என்று தெரிந்தால் வைத்தியமே வேறு. கல்லீரல் அதை அமிலமாக மாற்றாமல் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது. அது இல்லாத இடத்தில் அளந்து கொடுக்கும் எத்தனால், ரத்தத்தின் புளிப்பைக் குறைக்கும் மருந்து, டயாலிசிஸ் என்று வழிகள் இருக்கின்றன. எத்தனால் என்றால் சாராயம்தானே என்று வீட்டிலேயே ஊற்றிக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தைப் பரிசோதித்து, மணிக்கணக்காக அளந்து கொடுக்கிற வைத்தியம் அது. கள்ளச்சாராயத்தை "மருந்து" என்று மேலும் கொடுத்தால் உள்ளே போவது இன்னும் கொஞ்சம் மெத்தனாலாகவே இருக்கலாம்.

லேபிள் இல்லாத இடத்தில்

பல கம்பெனிகள் இந்தப் படங்களைப் போடுகின்றன. ஆனால் எல்லா டின்னிலும் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. கம்பெனி டின்னை விட்டு வெளியே வந்து பாக்கெட்டில் ஏறியதும் மூன்று படமும் போய்விடும். மெத்தனாலுக்கும் சாராயத்துக்கும் மணத்திலோ ருசியிலோ நம்மால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. "முகர்ந்து பார்த்துச் சொல்லிடுவேன்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பெயரும் மாறி மாறி வரும். மெத்தில் ஆல்கஹால், வுட் ஸ்பிரிட் என்று எழுதியிருந்தாலும் அதே ஆள்தான்.

ரோட்டில் போகிற டேங்கர் லாரியையும் ஒரு வார்த்தை. அதன் பலகையில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், உலகம் முழுவதும் ஒரே எண். பெட்ரோலுக்கு 1203. மெத்தனாலுக்கு 1230. கடைசி இரண்டு எண்தான் இடம் மாறுகிறது! டேங்கர் கவிழ்ந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். எந்த எண்ணாக இருந்தாலும் ஓட வேண்டியது எதிர்ப்பக்கம்தான்.

கம்பெனியில் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கலாம். அதில் 16 பகுதிகள் இருக்கும். எல்லாம் படிக்க முடியாவிட்டாலும் 2-வது பகுதியில் ஆபத்து வகையும் 4-வது பகுதியில் முதலுதவியும் இருக்கும், அவை இரண்டையும் பார்த்தால் போதும். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த இரவில் சுற்றியிருந்த மக்களுக்குத் தாங்கள் சுவாசிப்பது என்ன என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் 1987-ல் நம் தொழிற்சாலைச் சட்டத்தில், ஆபத்தைப் பற்றித் தொழிலாளிக்கும் சுற்றி வாழும் மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது.

மறுபடியும் அந்தக் கேனுக்கு வருகிறேன். நன்றாகக் கழுவியதில் மெத்தனால் போயிருக்கலாம். அது தண்ணீரோடு முழுக்கக் கலந்துவிடும், ஆவியாகவும் போய்விடும். ஆனால் அடுத்த தடவை வாங்குகிற கேனில் என்ன இருந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? லேபிள் கிழிந்த கேன் கடையில் நிறையவே கிடக்கிறது.

அக்காவுக்கு 120 ரூபாய் போன வருத்தம். "இதை என்ன பண்றது, தூக்கிப் போடவும் மனசு வரல" என்றார். கடைக்கே திருப்பிக் கொடுப்பது, ரசாயன கேனை வீட்டு உபயோகத்துக்கு விற்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் நாலு பேராகப் போய்ச் சொல்வது என்று குழுவில் முடிவானது. தீர்மானப் புத்தகத்தில் அந்த மகள்தான் எழுதினாள். கீழே மூன்று படத்தையும் வரைந்து வைத்தாள். கடைக்காரர் 60 ரூபாய் திருப்பிக் கொடுத்தாராம்.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் தண்ணீர், அரிசி, மாவு வைத்திருக்கும் கேனும் டின்னும் முன்பு எதற்குப் பயன்பட்டவை என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். லேபிள் இருந்தால் படத்தை அப்படியே பார்த்து வரைந்து வாருங்கள்.