இயற்கை நார்க் கூட்டுப்பொருளாலான துவிச்சக்கர வண்டிச் சட்டகம்

1. கூட்டுப்பொருள்
இயல்பில் வேறுபட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள், தத்தம் தன்மையை இழக்காதவாறு இணைக்கப்படும்போது கூட்டுப்பொருள் கிடைக்கின்றது. இதில் நார் விசையைத் தாங்கும். பிசின் நார்களைப் பிணைத்து, விசையை ஒரு நாரிலிருந்து மற்றதற்குக் கடத்தும். மூங்கில் இயற்கையான கூட்டுப்பொருளாகும். அதில் செலுலோசு நார்களை இலிக்னின் பிணைக்கின்றது.

2. சட்டகம் அமைக்கும் முறை
கலிபோர்னியாவைச் சேர்ந்த கிரெய்க் கல்ஃபி 1990களின் நடுப்பகுதியில் மூங்கிற் சட்டகம் ஒன்றை அமைத்தார். இத்தகைய சட்டகம் அமைக்கும் படிமுறை வருமாறு:
(அ) மூங்கிலை நன்கு உலர்த்தல்.
(ஆ) அளவாக வெட்டி, கோணம் மாறாதவாறு தாங்கியொன்றிற் பொருத்துதல். மிதி அச்சு போன்றவை வரும் இடங்களில் உலோகக் குழாய்களை வைத்தல்.
(இ) எபொக்சிப் பிசினில் தோய்த்த ஹெம்ப் நாரை மூட்டுகளில் இறுக்கமாகச் சுற்றுதல்.
(ஈ) பிசின் இறுகிய பின் தேய்த்து ஒப்பமாக்கி, வார்னிஷ் பூசுதல்.

3. காரணங்களை விளங்கிக்கொள்வோம்
• உருக்கின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7.8 கிராம். ஹெம்ப் நாரினது ஏறத்தாழ 1.5 கிராம். எனவே நார் இலேசானது.
• நார் தன் நீளத்தின் வழியே இழுக்கப்படும்போதே மிக வலிமையானது. மூட்டில் விசைகள் பல திசைகளில் தாக்குவதால் நாரைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும்.
• செலுலோசிலுள்ள ஐதரொட்சில் கூட்டங்கள் நீரைக் கவரும். ஈரம் புகுந்தால் நார் வீங்கிப் பிசினிலிருந்து விடுபடும், மூட்டுத் தளரும். ஓடும்போது மூட்டு விட்டால் செலுத்துபவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே வார்னிஷ் அழகுக்காக மட்டும் பூசப்படுவதன்று.

4. மாதிரி வினா
"இயற்கை நாராலானதால் இச்சட்டகம் முழுமையாக உக்கிவிடும்." இக்கூற்றை ஏற்கிறீரா? காரணம் தருக.

விடை: ஏற்க முடியாது. மூங்கிலும் நாரும் உக்கக்கூடியவை. ஆனால் எபொக்சி வெப்பமிறுக்கும் பிளாத்திக்கு வகையைச் சேர்ந்தது. அது இலகுவில் உக்காது. மீண்டும் உருக்கி வார்க்கவும் முடியாது. உருக்குச் சட்டகத்தையோ உருக்கி மீளப் பயன்படுத்தலாம்.

நினைவிற் கொள்க: "இயற்கையானது, ஆகவே சிறந்தது" என்று மட்டும் எழுதுவது முழுமையான விடையாகாது. பொருளின் நன்மையோடு அதன் குறைபாட்டையும், அக்குறைபாட்டை நீக்கும் வழியையும் சேர்த்து எழுதுக.