ஈரல் இறுகியோர்க்கு உணவு

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடுதலை நம் மாணாக்கர் பலர் அறிவர். அத்துணைக் கூட்டம் ஓர் ஒடுங்கிய வாயிலிற் புகுமாயின் நெருக்கடி எத்தன்மைத்தாகும்! சிர்ரோசிஸ் என்னும் ஈரல் இறுகல் நோயுற்றவர் உண்டபின் அவர் வயிற்றினுள் நிகழ்வதும் அதுவே.

சீரணத்தின்பொருட்டுக் குடல் மிகுந்த இரத்தத்தை ஏற்கின்றது. அது வாயிற்சிரை வழியாக ஈரலை அடைகின்றது. நல்ல ஈரல் நெகிழ்ந்து இடங்கொடுக்கும். மதுவாலோ, காமாலைக் கிருமிகளாலோ, கொழுப்பாலோ தழும்பேறிய ஈரல் கொடாது. ஈரலின் இருபுறத்துச் சிரைகட்கிடையே அழுத்த வேறுபாடு இயல்பில் 1 முதல் 5 மில்லிமீட்டர் பாதரசமாகும். 10-ஐ எட்டின் உணவுக்குழலின் சிரைகள் புடைக்கலாம். 12-ஐ எட்டின் அவை வெடித்து இரத்தம் கக்கவும் நேரும். உண்ட அரைமணியளவில் இவ்வேறுபாடு பின்னும் ஏறுதலை மருத்துவர் அளந்து கண்டுளர். 1981-இல் பாரிஸ் நகர லெப்ரெக் குழுவினர், புரோப்ரனலால் மருந்து இரத்தப்போக்கு மீளாது காக்குமெனக் காட்டினர். ஆயினும் உணவுக்குப்பின் எழும் ஏற்றத்தை அது முற்றும் அடக்குவதில்லை.

அங்ஙனமாயின் உண்ணாதிருத்தலே நலமன்றோ எனலாம். (பத்தியமென்றால் பட்டினியென்றே கொள்வது நம்மவர் வழக்கம்.) அது பெருந்தீங்கு. இறுகிய ஈரல் மாவுச்சத்தைச் சேமிக்க வலியற்றது. ஆதலால் ஓரிரவுப் பட்டினியே தசையைக் கரைக்கத் தொடங்கும். எனவே களியை ஒருவேளையில் வயிறுமுட்ட உண்ணாது, சிறிது சிறிதாகப் பன்முறை உண்ணலும், படுக்குமுன் கூழோ பாலோ கொள்ளலும் வேண்டும். பருப்பும் முட்டையும் விலக்கிய பழைய பத்தியத்தை மருத்துவர் கைவிட்டனர். உடலெடை கிலோவுக்கு நாடோறும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டுமென்பர். வயிற்றில் நீர் கோத்திருப்பின் குறைக்கவேண்டுவது உப்பையே.