பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு

கம்பைநல்லூர்க்காரர் விமானம் ஏற வேண்டுமென்றால் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். வெளிநாடு என்றால் பெரும்பாலும் பெங்களூரு அல்லது சென்னை. படிப்புக்கும் வேலைக்கும் பிள்ளைகள் தூரதேசம் போகும் காலம் இது. தூரக் கணக்கும் நேரக் கணக்கும் தப்பினால் டிக்கெட் பணமும் போகும், குடும்பத்தின் நிம்மதியும் போகும்.

நம்பிக்கை: தூரத்தை வேகத்தால் வகுத்தால் விமான நேரம் வந்துவிடும்.

உண்மை: சென்னை, சேலம் விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டில் சுமார் 265 கி.மீ. ஏ.டி.ஆர். 72 ரக விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். அரை மணி நேரம் போதும் என்று தோன்றும். ஆனால் அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும். புறப்படும் இடத்தைவிட்டு விமானம் நகர்வதில் தொடங்கி, போன ஊரில் வந்து நிற்பதுவரை அதில் அடக்கம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க முறைக்காகக் காத்திருப்பது எல்லாம் சேரும். முழு வேகம் நடுவில் கொஞ்ச நேரம்தான்.

நம்பிக்கை: ரயிலைவிட விமானம் எப்போதும் சீக்கிரம்.

உண்மை: நமக்குச் சென்னை வடகிழக்கே இருக்கிறது, சேலம் விமான நிலையமோ தென்மேற்கே. முதலில் சாலையில் சுமார் 70 கி.மீ. எதிர்த்திசையில் போக வேண்டும். தொப்பூர் கணவாயில் லாரிகள் தேங்கினால் அதற்கும் நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் போவதையும் கூட்டுங்கள். பக்கத்து மொரப்பூரில் விரைவு ரயில் ஏறியவரும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் சென்னை சேர்ந்திருப்பார்.

நம்பிக்கை: பூமி சுற்றுவதால்தான் போகும் நேரமும் திரும்பும் நேரமும் வேறுபடுகின்றன.

உண்மை: பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது. அதனால் அந்தச் சுழற்சி விமானத்துக்கு நேரத்தை மிச்சப்படுத்தாது. நேர வேறுபாட்டுக்குக் காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம். பெங்களூரிலிருந்து லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று. திரும்பும்போது முதுகில் தள்ளும் காற்று. அதனால் வரும் நேரம் பொதுவாகக் குறைவு.

நம்பிக்கை: சுவர் வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் அதுவே குறுக்குவழி.

உண்மை: உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் வரைந்தால் துருவப் பகுதிகள் பெரிதாக விரிந்துவிடும். 2021 ஜனவரியில், கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூரு வந்தது. தூரம் சுமார் 14,000 கி.மீ. வரைபடத்தில் சுற்றுவழியாகத் தெரியும் அந்தப் பாதைதான் குறுகியது. நூல் ஒன்றை உலக உருண்டைமீது இழுத்துப் பிடித்தால் பள்ளிப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

நம்பிக்கை: இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தைக் கழித்தால் பயண நேரம்.

உண்மை: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. சென்னையில் காலை 10 மணிக்கு ஏறி அங்கே மாலை 4.30க்கு இறங்கினால், பறந்தது ஆறரை அல்ல, நான்கு மணி நேரம்.

அடுத்த முறை டிக்கெட் எடுக்குமுன், விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: செக்-இன், சாலை, நெரிசல், வீட்டு வாசல். அதில் வரும் நேரத்தைத் தாளில் எழுதி வையுங்கள். கார் ஓட்டுபவரிடமும் அந்த நேரத்தையே சொல்லுங்கள்.