நோட்டு காட்டிய பழுது

பெங்களூரில் ஒரு தெரு. அங்கே தமிழ்ப் பெண்கள் 12 பேர் ஒரு சேமிப்புக் குழு நடத்துகிறார்கள். துணிப்பை தைத்து விற்கிறார்கள். கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். வங்கிக் கடனில் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர் அது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேலை செய்யும்போதே கம்ப்யூட்டர் திடீரென நின்றது. திரை நீலமாக மாறியது. ஏதோ ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. பிறகு அணைந்து, தானாகவே மீண்டும் ஓடியது. சேமிக்காத கணக்கு அழிந்து போயிற்று. இப்படியே அடிக்கடி நடந்தது. மாதக் கடைசியில் வங்கிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். எல்லோருக்கும் கவலை.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

"வைரஸ் வந்திருக்கும்" என்றார் ஒருவர்.

"கரண்ட் சரியில்லை" என்றார் இன்னொருவர்.

"கண் பட்டிருக்கு. எலுமிச்சம்பழம் கட்டுங்க" என்றார் ஒரு பாட்டி.

குழுத் தலைவி இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவர். அவர் ஒரு நோட்டை எடுத்தார்.

"இனிமே நின்னு போனா இதிலே எழுதுவோம். என்ன தேதி, எத்தனை மணி, என்ன வேலை செஞ்சோம், திரையிலே என்ன வந்தது. எல்லாத்தையும் எழுதுவோம்" என்றார்.

முதலில் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுத்து வைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

மின்சாரம்: கம்ப்யூட்டரும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நீட்டிப்புப் பெட்டியில் இருந்தன. கம்ப்யூட்டரைத் தனியாகச் சுவர் பிளக்கில் மாட்டினார்கள். இரண்டு நாள் பார்த்தார்கள். மீண்டும் நின்றது.

சூடு: பெட்டி சுவரை ஒட்டி இருந்தது. சூடான காற்று வெளியே போக வழியில்லை. பெட்டியை ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். விசிறி நன்றாகச் சுற்றியது. ஆனாலும் குளிர்ந்த காலை நேரத்தில்கூட நின்றது.

நினைவகம்: ஒரு பெண்ணின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் நோட்டைப் படித்தாள்.

"அக்கா, கணக்கு போட்டாலும் நிக்குது, படம் பார்த்தாலும் நிக்குது. மெமரியைச் சோதிச்சுப் பார்க்கலாம்" என்றாள்.

மெமரி என்றால் நினைவகம். அது கரும்பலகை போன்றது. கம்ப்யூட்டர் செய்துகொண்டிருக்கும் வேலையை அதில்தான் எழுதி வைக்கும். பலகையில் கீறல் இருந்தால் எழுத்து மாறிப் போகும். கம்ப்யூட்டர் குழம்பி நின்றுவிடும்.

நினைவகத்தைச் சோதிக்கும் வசதி விண்டோசிலேயே இருக்கிறது. அந்தப் பெண் அதை ஓட்டினாள். 'நினைவகத்தில் பழுது' என்று வந்தது. அதையும் நோட்டில் எழுதினார்கள்.

பெட்டியை யாரும் திறக்கவில்லை. கடைக்கு எடுத்துப் போனார்கள்.

"விண்டோசை மறுபடி போடணும். 500 ரூபாய் ஆகும்" என்றார் கடைக்காரர்.

"தம்பி, இதைப் படிச்சுப் பாருங்க. இதோ பில்லு, இதோ வாரண்டி அட்டை" என்றார் தலைவி.

கடைக்காரர் நோட்டைப் படித்தார். உள்ளே இரண்டு மெமரி அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தார். ஒன்று பழுது. அதைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். விண்டோசை மறுபடி போட்டிருந்தால் 500 ரூபாய் வீணாகியிருக்கும். பழுதும் தீர்ந்திருக்காது.

அதன் பிறகு கம்ப்யூட்டர் நிற்கவில்லை. வங்கிக் கணக்கும் நேரத்தில் முடிந்தது.

நினைவில் கொள்வோம்

1. முதலில் கணக்கை நகல் எடுக்க வேண்டும்.
2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அப்போதுதான் எது காரணம் என்று தெரியும்.
3. பில்லும் வாரண்டி அட்டையும் பத்திரம்.
4. வாரண்டி இருந்தும் கடையில் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

விடை சொல்லுங்கள்

1. தலைவி நோட்டில் என்னென்ன எழுதச் சொன்னார்?
2. மின்சாரம் காரணம் இல்லை என்று எப்படித் தெரிந்தது?
3. உங்கள் வீட்டில் எந்தப் பொருளுக்கு வாரண்டி இருக்கிறது? அது எந்தத் தேதியில் முடிகிறது? பார்த்து எழுதுங்கள்.