கசகசாவும் கையெழுத்தும்

"பரோலில் வந்தவன் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், சிறுநீரைப் பிடித்துப் பார்த்துத் திரும்ப உள்ளே தள்ளிவிடுவார்கள்." அஸ்தம்பட்டி தொடங்கி ராசிபுரம், திருச்செங்கோடு வரை டீக்கடைகளில் இப்படியொரு பேச்சு உண்டு. ஆங்கிலப் படம் பார்த்து வந்த ஞானம் இது. அமெரிக்காவில் அது ஓரளவு உண்மைதான். அங்கே மத்தியச் சட்டப்படி கண்காணிப்பில் விடுதலையாகிறவர், நீதிமன்றம் விலக்கு அளித்தாலொழிய, 15 நாளுக்குள் ஒரு முறையும் பிறகு குறைந்தது இரு முறையும் சோதனைக்கு உட்பட வேண்டும். ஓராண்டில் மூன்று முறைக்கு மேல் போதை தெரிந்தால் மறுபடி சிறை.

சேலம் மத்திய சிறையிலிருந்து வருகிறவர் கதை வேறு. நாம் பரோல் என்று சொல்வது, 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கிடைக்கும் விடுப்பு. பெற்றோர் இறப்பு, கடும் நோய், பிள்ளையின் கல்யாணம் என்றால் அவசரகால விடுப்பு. இன்னொன்று சாதாரண விடுப்பு. எங்கே தங்குகிறார், ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டாரா, குறித்த நாளில் திரும்பினாரா என்பதில்தான் கெடுபிடி முழுவதும். 2019 ஜூலையில் மகள் கல்யாண ஏற்பாட்டுக்காக ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதி நளினி வேலூர் சிறையிலிருந்து வந்தபோது பெரிதாகப் பேசப்பட்ட நிபந்தனைகள், பேட்டி கொடுக்கக்கூடாது, அரசியல்வாதிகளைச் சந்திக்கக்கூடாது என்பவையே. சிறுநீர்க் குப்பியைவிட நாள்காட்டிக்குத்தான் இங்கே அதிகம் பயப்பட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் போலீஸ் தேடி வரும். அடுத்த விடுப்பு மனுவுக்கு அதுவே முதல் முட்டுக்கட்டை.

அதற்காகத் தாராளமாக இழுக்கலாம் என்று பொருளில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் உட்கொள்வதே குற்றம். கஞ்சாவுக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஹெராயின், கொக்கைனுக்கு இது ஓராண்டு, 20,000 ரூபாய். விடுப்பில் இருக்கும்போது மாட்டினால் பழைய தண்டனையோடு புது வழக்கும் சேரும்.

சிறுநீரில் போதையைக் காட்டும் சோதனைப் பட்டையைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் ஏராளம். கர்ப்பச் சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தால் 'உண்டு'. போதைப் பட்டையில் அது தலைகீழ்: இரண்டு கோடு விழுந்தால் 'இல்லை', இரண்டாவது கோடு விழாவிட்டால்தான் சந்தேகம். அதுவும் சந்தேகம் மட்டுமே, ஆய்வகத்தில் உறுதிசெய்யும் வரை. கஞ்சாவின் சுவடு கொழுப்பில் தங்குவதால், நாள்தோறும் புகைத்தவரின் சிறுநீரில் நிறுத்திய பின்பும் சில வாரம் தெரியக்கூடும். எப்போது புகைத்தார் என்று பட்டை சொல்லாது.

நம் வீட்டுக் குருமாவில் அரைக்கும் கசகசாவும் இதில் வம்புக்காரன்தான். அபினிச் செடியின் விதை அது. மார்பின் சிறிது ஒட்டியிருக்கும். இதனாலேயே அமெரிக்கா 1998இல் அரசு வேலைக்கான சோதனையின் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தியது. 2023 பிப்ரவரியில் அந்நாட்டு ராணுவத் தலைமை, கசகசாவைத் தவிர்க்கும்படி தன் வீரர்களை எச்சரித்தது. ஒரு கரண்டி குருமா யாரையும் மாட்டிவிடாது என்றே சொல்லலாம். ஆனால் பழைய 300 வரம்பில் வேலை செய்யும் பட்டைகள் இன்னும் விற்கப்படுகின்றன. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் கசகசாப் பொட்டலத்தை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது. இரண்டு இடத்திலும் அதற்குத் தடை.

பட்டை சுத்தம் என்றால் ஆளும் சுத்தமா? அதுவும் இல்லை. ஊசியில் கரைத்துப் போட்டுக்கொள்ளப்படும் டாபென்டடால் வலி மாத்திரை வழக்கமான அபினிப் பட்டையில் சிக்காது. தண்ணீரும் மோரும் குடித்துத் தப்பலாம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: நீர்த்துப்போன மாதிரியை கிரியாட்டினின் அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

"கஞ்சா கேஸ்காரனுக்குப் பரோலே கிடையாது" என்பது இன்னொரு டீக்கடைப் பேச்சு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 32ஏ பிரிவைப் பார்த்து வந்த எண்ணம். தாது எதிர் மகாராஷ்டிரா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு பரோலைத் தடுக்காது என்று சொல்லிவிட்டது. விதிகளுக்கு உட்பட்டுக் கேட்கலாம்.

நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டவர்கள் வேறு வகை. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, போதை தொடக்கூடாது என்று நீதிமன்றம் பிணையிலேயே எழுதலாம். முதல் முறை மீறினால் நீதிபதி பழைய குற்றத்துக்குத் தண்டனை தரலாம், அல்லது 50 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு விடலாம். 50 ரூபாய்தான், அச்சுப்பிழை இல்லை.

இந்தத் தவறான எண்ணங்களில் அதிகக் கேடு செய்வது, "ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரே போலீசுக்குச் சொல்லிவிடுவார்" என்ற பயம். போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் அடங்கும். சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காப்பது டாக்டரின் கடமை. நீதிமன்றம் கேட்டால் அது வேறு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். புது வழக்கே வந்தாலும், அது உட்கொண்டதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ என்றால், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெறுகிறவர் மீது வழக்கு நடத்தக்கூடாது என்கிறது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பை விலக்கிவிடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.