கயிற்றைப் பிறகு இழுக்கலாம்

அன்புள்ள மருமகனுக்கு,

பீற்றர்பரோவில் நீர் வாங்கின ஜோன்சன் வள்ள எஞ்சினின் படங்கள் கிடைத்தன. பத்துக் குதிரைவலு, ஐம்பதுகளில் செய்தது. ஜோன்சனின் கனடாத் தொழிற்சாலையும் அந்த ஊரில்தான் இருந்தது. பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராத எஞ்சினாய் இருக்கலாம். விலைக்குப் பழுதில்லை. ஆனால், கொண்டுவந்த கையோடு கயிற்றை இழுத்துப் பார்த்ததாய் எழுதியிருக்கிறீர். இனி இழுக்க வேண்டாம்.

ஓடித் தேய்ந்த பழைய எஞ்சின் குறைவு, கிடந்து பழுதானதுதான் கூட. றப்பர் காயும், பெற்றோல் பசையாகும், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டும். இரண்டு பிளக்கையும் கழற்றி, துரு இளக்கும் ஒயில் விட்டு, ஒரு இரவு பொறும். பிறகு பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றும். சுற்றினால் பாதிக் கவலை விட்டது.

மற்றப் பாதி பிளைவீலுக்குக் கீழே இருக்கிறது: கொயில் இரண்டு, பொயின்ற் இரண்டு, கண்டென்சர் இரண்டு. அந்தக் காலத்துக் கொயிலின் மேல்பூச்சு வெடித்துவிடும். வெடித்த கொயில் குளிரில் பொறி காட்டும், சூடேறினதும் கைவிடும், நடு ஏரியில். ஆகவே பொறி வருகிறதே என்று விடாமல் இரண்டையும் மாற்றும். இன்றும் புதிதாய் விற்கிறார்கள். பொயின்ற் இடைவெளி 0.020 அங்குலம். புதுப் பொயின்றிலும் ஒயில் படலம் இருக்கும், ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் பூட்டும். பொறி கால் அங்குலமாவது பாய வேண்டும்.

தாங்கிக்கு ஏன் இரட்டைக் குழாய் என்று கேட்டிருந்தீர். இந்த எஞ்சினில் பெற்றோல் பம்ப் இல்லை. ஒரு குழாயால் எஞ்சின் தாங்கிக்குள் காற்றை அழுத்தும், அந்த அழுத்தத்தில் மற்றதால் பெற்றோல் ஏறி வரும். மூடியின் றப்பர் கசிந்தால் எஞ்சின் நிற்கும். குழாய் வெடித்திருந்தால் பெற்றோல் வள்ளத்துக்குள் பீச்சும். இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம்.

எங்கள் கரையில் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடின எஞ்சின்களில்தான் நான் கைபழகினேன். பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோலைத் துளிக்கணக்கில் வைத்திருந்தோம். அந்தச் சிக்கனத்தை இங்கே காட்டக் கூடாது. 24 லீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில், டி.சி.டபிள்யு.3 என்று போட்ட ஒயில். பேணியில் ஐம்பதுக்கு ஒன்று என்றிருக்கும். அது பிந்தின எஞ்சின்களுக்குச் சொன்னது. புகை கூடுதலாய் வரும், வரட்டும்.

கீழ்க்காலின் அடித் திருகாணியைக் கழற்றிப் பாரும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியே மாரிக்கு விட்டால் உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும், உங்கள் ஊர்க் குளிர் அப்படி. இம்பெல்லரை எப்படியிருந்தாலும் மாற்றும். கிடந்த றப்பர் இறுகிப்போயிருக்கும். முதல் ஓட்டம் தண்ணீர் நிறைத்த பீப்பாவுக்குள்தான், வெறும் தரையில் ஒரு நிமிஷமும் கூடாது. இன்றைய எஞ்சின்போல் பக்கத்தால் தண்ணீர் பீச்சிக் காட்டாது. சிலிண்டர் தலையில் விரலை வைத்துப் பாரும். வைத்திருக்க முடியாத சூடென்றால் உடனே நிற்பாட்டும்.

புரொப்பெல்லரின் பின் முறிந்தால் ஆணியை வெட்டிச் செருகாதேயும். கல்லில் அடிபடும்போது அது முறிந்தால்தான் கியர் தப்பும். அளவான பின் இரண்டு மூன்று வள்ளத்தில் இருக்கட்டும்.

புதுப் பெயின்ற் அடிக்கவோ என்று அக்கா கேட்டா. வேண்டாம் என்று சொல்லும். பழைய நிறமும் ஸ்டிக்கரும் அப்படியே இருந்தால்தான் அதற்கு மதிப்பு, எனக்கும் அதுதான் பிடிக்கும்.

பிளைவீலைச் சுத்தியலால் தட்டியோ நெம்பியோ கழற்ற நினைக்காதேயும், கிராங்கின் நுனி போய்விடும். சனிக்கிழமை வரும்போது என்னுடைய புளரைக் கொண்டு வருகிறேன். அதற்கிடையில் கொயிலுக்கும் இம்பெல்லருக்கும் ஓடர் கொடுத்து வையும். மொடல் இலக்கம் பக்கத்துத் தகட்டில் இருக்கும், ஊகித்து எழுத வேண்டாம்.

அன்புடன்,
மாமா