கள்ளிப்பாலும் தோல் புற்றுநோயும்

“தாவர மருந்துதானே டாக்டர், பக்கவிளைவு இராதே?” என்று புறநோயாளர் பிரிவில் எவரேனும் கேட்காத வாரமில்லை. கேட்பவரைக் குறை கூற இயலாது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு நாங்கள் செலுத்தும் வின்கிரிஸ்டின், வீட்டு முற்றத்தில் மலரும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படுவதே. ஆனால் அதே மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் அவ்விடத்துத் திசுவைச் சிதைத்துவிடும். அதனாலேயே மருந்து ஏறும்போது செவிலியர் அருகிலிருந்து கவனிக்கிறார்.

தோலைப் பொறுத்தவரை, நீங்கள் அறிய வேண்டியது யூஃபோர்பியா பெப்ளஸ் என்னும் சிறு செடியின் வரலாறு. கள்ளி இனத்தைச் சேர்ந்த அச்செடி நம் அம்மான்பச்சரிசிக்கு உறவு. வெயிலால் தோலில் உண்டாகும் தடிப்புகளுக்கு ஆஸ்திரேலிய மக்கள் அதன் பாலை நெடுங்காலமாகத் தடவி வந்தனர். அப்பாலிலுள்ள இன்ஜெனால் மெபுடேட் என்னும் சேர்மம், ஆக்டினிக் கெரடோசிஸ் என்ற புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்கான ஜெல்லாக 2012-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. பிற களிம்புகளை வாரக்கணக்கில் பூச வேண்டியிருக்க, இதற்கு இரண்டு மூன்று நாட்களே போதுமானவை. நாட்டு வைத்தியம் ஆய்வகத்தில் மெய்ப்பட்டது என்று மகிழ்ந்தோரில் நானும் ஒருவன்.

ஆனால் மூன்றாண்டுக் கண்காணிப்பு வேறொன்றைக் காட்டியது. இமிகுவிமாட் என்னும் களிம்பைப் பூசியோரில் 0.4 விழுக்காட்டினருக்குப் பூசிய இடத்தில் தோல் புற்றுநோய் தோன்றியிருக்க, இந்த ஜெல்லைப் பூசியோரில் அது 3.3 விழுக்காடாக இருந்தது. நன்மையினும் தீங்கே மிகுதியாகலாம் என்று 2020-இல் ஐரோப்பிய மருந்து முகமை முடிவு செய்தது. ஆய்வகத்தில் தூய்மைப்படுத்தி, அளவு குறித்து, மருத்துவர் மேற்பார்வையில் தரப்பட்ட பொருளின் கதை இது. வேலியோரத்தில் ஒடித்த பாலுக்கு அளவும் இல்லை, கண்காணிப்பும் இல்லை.

மஞ்சளின் குர்குமின் பற்றியும் கேட்கிறீர்கள். ஆய்வகத் தட்டில் அது மெலனோமா செல்களை அழிக்கிறது. ஆனால் உண்ணும் மஞ்சளிலிருந்து இரத்தத்தில் சேரும் அளவு மிகச் சொற்பம். குழம்பில் தாராளமாகச் சேருங்கள். சிகிச்சையாக எண்ண வேண்டா.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி வந்தார். உள்ளங்காலில் தோன்றிய கரும்புள்ளியை ஆணி என்று கருதி எருக்கம்பால் வைத்திருந்தார். பொருக்குக் கட்டி உதிர்ந்தது, ஆறிவிட்டதென்று நம்பினார். எட்டு மாதங்கள் கழித்துத் தொடை இடுக்கில் நெறி கட்டிய பின்னரே எங்களிடம் வந்தார். நோய் மெலனோமா. காரமான பால் மேல்தோலை எரிக்கும். அடியில் வளரும் செல்களை எட்டாது. நம் போன்ற கருநிறத் தோலில் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே தோன்றுகிறது என்பதை அவரிடம் முன்பே எவரும் சொல்லியிருக்கவில்லை.

எனவே புதிதாகத் தோன்றி வளரும் புள்ளியையோ, ஆறாத புண்ணையோ திசுப் பரிசோதனைக்கு முன் எதுவும் பூசாமல் காட்டுங்கள். ஏற்கெனவே பூசியிருப்பின் மறைக்காமல் கூறுங்கள். இலையையோ புட்டியையோ உடன் கொண்டு வாருங்கள். கடிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. எரிந்த தோலில் எடுத்த திசுவைப் படித்தறிவது கடினம். எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில் எடுப்பது என்பதை நீங்கள் சொல்வதைக் கொண்டே தீர்மானிக்கிறோம்.